வழி கேட்கும் விசை, வழி கேளாத விசை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே ஒதுங்குவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரைத் தானே வைத்துக்கொள்கிறது. நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் இருக்கும் தீவு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே போனால் கல்லணை. அங்கே இரண்டு ஆறுகளும் மறுபடியும் நெருங்கி வருகின்றன. ஆனால் காவிரியின் படுகை மேட்டிலும் கொள்ளிடத்தின் படுகை பள்ளத்திலும் இருக்கிறது. இடையே உள்ளாறு என்று ஒரு சிறு இணைப்பு. தடுப்பு இல்லாவிட்டால் காவிரித் தண்ணீர் அந்த வழியே கொள்ளிடத்தில் சரிந்துவிடும், தஞ்சை வயல்களுக்குப் போய்ச் சேராது. கரிகாலன் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்லும் கல்லணையின் தலையாய வேலை அந்தச் சரிவைத் தடுப்பதுதான். வெள்ளம் மிஞ்சும்போது மட்டும் உபரி நீரைக் கொள்ளிடத்துக்குத் திறந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு வெள்ள நாளில் முக்கொம்புக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில் கிடக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைப் பின்தொடர்வோம். முதல் லிட்டர் கொள்ளிடத்தில் திரும்புகிறது. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அந்தக் கிளையின் குறுக்கேதான் அமைந்தது. ஆகவே பயணத்தின் தொடக்கத்திலேயே அது ஒரு படி இறங்கிவிடுகிறது. பிறகு அகன்ற மணற்படுகையில் மெல்ல மெல்லத் தாழ்ந்து போகிறது. இரண்டாவது லிட்டர் காவிரியிலேயே தொடர்கிறது. அம்மா மண்டபத்தின் படிகளைத் தொட்டுக்கொண்டு, உயரத்தை அவ்வளவாக விட்டுக்கொடுக்காமல் கல்லணை வரை வந்து, கடைசியில் உள்ளாற்றின் வழியே கொள்ளிடத்தில் விழுந்து முதல் லிட்டருடன் கலக்கிறது. புறப்பட்ட இடம் ஒன்று, சேர்ந்த இடமும் ஒன்று. நடுவில் மட்டும் வேறு வேறு ஆறு, வேறு வேறு மணல், வேறு வேறு வேகம்.

பூமியின் ஈர்ப்பு விசை இந்த இரண்டில் எதன்மீது அதிக வேலை செய்திருக்கும்?

இரண்டின்மீதும் சமமாகத்தான். ஏறத்தாழச் சமம் என்று சொல்லவில்லை, இம்மியும் பிசகாத சமம். முதலிலேயே விழுந்ததா கடைசியில் விழுந்ததா, நேராகப் போனதா வளைந்து நெளிந்து போனதா, வழியில் ஒரு மடுவில் இரண்டு நாள் தேங்கிக் கிடந்ததா என்றெல்லாம் ஈர்ப்பு விசை கேட்பதில்லை. தொடங்கிய உயரம் எவ்வளவு, முடிந்த உயரம் எவ்வளவு என்ற இரண்டே செய்திகளில் அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட விசைக்கு நம் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூல் தரும் பெயர் ஆற்றல் மாற்றா விசை. செய்த வேலை வழியைப் பொறுத்து மாறுமானால் அது ஆற்றல் மாற்றும் விசை. பாடநூலில் இந்த வேறுபாடு ஓர் அட்டவணையில் அடங்கிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் கல்லணைக்கு அழைத்துப் போய், மேட்டு ஆற்றையும் பள்ளத்து ஆற்றையும் அருகருகே காட்டிவிட்டு அதன் பிறகு அந்த அட்டவணையைத் திறக்க வேண்டும் என்பது என் ஆசை.

வழியைக் கேளாத குணம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நிலை ஆற்றல் என்ற கருத்தே அதன்மேல்தான் நிற்கிறது. முக்கொம்பிலிருந்து கல்லணைக்குப் போகும் ஒவ்வொரு வழிக்கும் ஈர்ப்பு விசை ஒவ்வொரு கணக்குச் சொல்லுமானால், 'இந்த இடத்தில் இந்தத் தண்ணீருக்கு இவ்வளவு ஆற்றல்' என்று ஓர் எண்ணைக் குறிக்கவே முடியாது. எந்த வழியாக வந்தது என்ற வரலாற்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். எல்லா வழிகளும் ஒரே விடையைத் தருவதால்தான் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஓர் எண் போதுமாகிறது. மேட்டூர் அணையில் நீர்மட்டம் 120 அடி என்று செய்தியில் கேட்டவுடன் பொறியாளர் மின் உற்பத்தியைக் கணக்கிட உட்கார்ந்துவிடலாம். அந்தத் தண்ணீர் கபினி வழியாக வந்ததா, கிருஷ்ணராஜசாகரிலிருந்து வந்ததா என்று அவர் விசாரிக்க வேண்டியதில்லை.

மலைக்கோட்டைக்குப் போவோம். பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர், நானூறுக்கு மேற்பட்ட படிகள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாணிக்க விநாயகர் சந்நிதியிலிருந்து தாயுமானவர் கோயிலைக் கடந்து உச்சிப் பிள்ளையார் வரை ஏறினால், ஈர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை ஏறத்தாழ 49,000 ஜூல். உணவின் கணக்கில் 12 கிலோகலோரிக்குக் கொஞ்சம் கீழே. நம் தசைகள் உண்ட உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகின்றன, மிச்சம் வெப்பமாகிறது. அப்படிப் பார்த்தால் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க ஆகும் செலவு ஓர் இட்லி. அத்தனை வியர்வைக்கும் மூச்சிரைப்புக்கும் ஓர் இட்லிதானா என்று முதலில் நம்பமுடியாமல்தான் இருக்கும். நின்று நின்று ஏறினாலும் ஒரே மூச்சில் ஏறினாலும் அந்த 49,000 மாறாது. இதயத்துடிப்பும் மூச்சிரைப்பும் மாறும், உடல் செலவழிக்கும் மொத்தம் மாறும். ஈர்ப்பின் கணக்கு மட்டும் அசையாது.

இறங்கும்போது அந்த 49,000 ஜூலையும் ஈர்ப்பு முழுதாகத் திருப்பித் தருகிறது. ஏறி இறங்கி மறுபடியும் சின்னக்கடை வீதிக்கு வந்துவிட்டால் மொத்தக் கூட்டல் சுழி. ஆனால் இறங்கியவருக்கு அது எதுவும் கைக்கு வந்ததாகத் தெரிவதில்லை, முழங்கால் வலிதான் மிச்சம். காரணம், ஒவ்வொரு படியிலும் அவர் தன் தசைகளைத் தடையாகப் பயன்படுத்துகிறார். ஈர்ப்பு கொடுத்ததைத் தொடைத் தசைகள் வாங்கி வெப்பமாக்கிவிடுகின்றன. அந்த 49,000 ஜூலும் உடம்பிலேயே தங்கினால் உடல் வெப்பநிலை கால் டிகிரி செல்சியஸ் அளவு உயரும். கடன் வாங்கியதை ஈர்ப்பு வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தது, அதைச் சேமித்துவைக்கும் உண்டியல் நம் காலில் இல்லை, அவ்வளவுதான். அடியில் நல்ல சுருள்வில் பொருத்திய மேடையில் குதித்தால் அதில் பெரும்பகுதி மறுபடி மேலே எறியப்படும். சுருள்வில்லின் மீள்விசையும் ஆற்றல் மாற்றா விசைதான். எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

வழியைக் கேட்கும் விசையைப் பார்க்க ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. விருப்பன் திருநாளில் நம்பெருமாள் எழுந்தருளிய தேர் நிலையிலிருந்து புறப்பட்டு, நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றி, புறப்பட்ட அதே நிலைக்கு வந்து நிற்கிறது. முழுமையான ஒரு சுற்று. வீதியில் எங்காவது ஒரு சாண் ஏற்றம் இருந்தாலும் வேறெங்கோ ஒரு சாண் இறக்கம் இருந்தே தீரும், ஏனென்றால் வந்து நின்றது பழைய இடம். ஆகவே ஈர்ப்பு விசை தேரின்மேல் செய்த மொத்த வேலை சுழி. தேரின் வேகமும் தொடக்கத்தில் சுழி, முடிவில் சுழி. அப்படியானால் வடம் பிடித்த அத்தனை பேரின் உழைப்பும் எங்கே போயிற்று?

அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையில் போயிற்று. சக்கரத்தின் அடியில் நசுங்கிய தரையில் போயிற்று. தெருமுனையில் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் அடியில் கொடுத்த முட்டுக்கட்டைகளில் போயிற்று. உராய்வு ஒவ்வோர் அடிக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பத்து டன் எடையுள்ள ஒரு தேர், சக்கரத்தின் எதிர்ப்பு அந்த எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் இழுக்கச் சுமார் 30 லட்சம் ஜூல் வேண்டும். சாதாரணத் தண்ணீரில் பத்து லிட்டரைக் கொதிக்கவைக்க அது போதும். இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கு ஸ்ரீரங்கத்தின் அமைப்பிலேயே படிப்படியாக விரிகிறது. 156 ஏக்கரில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு திருச்சுற்றுகள். அவற்றின் மதில்களின் நீளத்தைச் சேர்த்தால் 32,592 அடி என்பார்கள், கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். ஒரே வண்டியை உள்ளே இருக்கும் சுற்றில் ஒருமுறையும் வெளியே இருக்கும் சுற்றில் ஒருமுறையும் உருட்டி வந்தால், இரண்டிலும் ஈர்ப்பின் கூட்டல் சுழி. உராய்வின் கூட்டலோ சுற்று பெரிதாகப் பெரிதாக ஏறிக்கொண்டே போகும்.

திசையை மாற்றினால் வேறுபாடு இன்னும் துலங்கும். ஏற்றத்தில் எதிர்த்த ஈர்ப்பு இறக்கத்தில் உதவுகிறது, திசை திரும்பினால் அதன் குறியும் திரும்புகிறது. உராய்வுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வலமாகப் போனாலும் இடமாகப் போனாலும் எதிர்க்கும். பொருள் எங்கே இருக்கிறது என்பதை ஈர்ப்பு பார்க்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை உராய்வு பார்க்கிறது. அதனால்தான் உராய்வுக்கு நிலை ஆற்றல் என்று ஒன்றை எழுத முடிவதில்லை.

உராய்வைக் குற்றவாளியாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. ஆசியாவின் மிகப் பெரிய தேர்களில் ஒன்றான திருவாரூர் ஆழித்தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்தது. அதை மறுபடியும் ஓடவைத்ததில் திருச்சி பெல் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. இரும்புச் சக்கரங்களும் இரும்பு அச்சும் வந்தபோது ஹைட்ராலிக் பிரேக்கும் கூடவே வந்தது. முதல் இரண்டும் உராய்வைக் குறைக்க, மூன்றாவது வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு உராய்வை வரவழைக்க. சுமார் 300 டன் நகரும்போது அதன் இயக்க ஆற்றலை வாங்கி வெப்பமாக்க ஆற்றல் மாற்றும் விசை ஒன்று கைவசம் இல்லாவிட்டால் வடம் பிடிப்பவர்கள் உயிர் தப்ப முடியாது.

உராய்வு தின்ற ஆற்றல் அழிந்துபோகிறதா என்றால், இல்லை. ஜேம்ஸ் ஜூல் 1840-களில் இதைத்தான் நிறுவினார். விழும் எடைகளைக் கொண்டு தண்ணீரைக் கலக்கி, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று அளந்தார். நயாகராவில் 160 அடி விழும் தண்ணீர் பாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக வேண்டும் என்றும் கணித்தார். அதே கணக்கைக் காவிரிக்குப் போடலாம். தலைக்காவிரி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 800 கிலோமீட்டர் நடந்து பூம்புகாரில் கடலைச் சேரும்போது ஒவ்வொரு லிட்டரும் சுமார் 12,700 ஜூலை இழந்திருக்கும். அது அவ்வளவும் தண்ணீரிலேயே தங்கினால் காவிரி மூன்று டிகிரி செல்சியஸ் சூடாகிக் கடலில் இறங்கும். வெயிலும் காற்றும் ஆவியாதலும் அதைவிடப் பெரிய மாற்றங்களைச் செய்வதால் அந்த மூன்று டிகிரியை யாராலும் தனியாகத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் அது இருக்கிறது. பாறையை உருட்டியதும் மணலை அரைத்ததும் சுழல்களைக் கிளப்பி அடக்கியதும் போக மிச்சமெல்லாம் அந்தச் சூட்டில்தான் போய்ச் சேர்கின்றன.

வழியில் சில இடங்களில் மட்டும் அந்த ஆற்றலை உராய்வுக்கு முன்னால் நாம் கைப்பற்றிவிடுகிறோம். சிவசமுத்திரத்தில் 1902-லேயே அது மின்சாரமாகிக் கோலார் தங்க வயலுக்குப் போனது. மேட்டூரில் 1934-இல் அணை முடிந்தது. அதற்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்துக் கதவணைகள் எழுந்தன. ஒரே தண்ணீர் ஒரு கதவணையில் கொஞ்சம் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, அடுத்ததில் மறுபடியும் இறங்கித் தருகிறது. ஈர்ப்பின் கணக்கு உயரங்களை மட்டும் பார்ப்பதால்தான் ஒரு பெரிய இறக்கத்தைப் பல சிறிய இறக்கங்களாக நறுக்கினாலும் மொத்தத்தில் எதுவும் குறைவதில்லை.

கோவை மாவட்டத்து ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. 400 மெகாவாட் திறன். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவை வரும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் பொதுவாக, ஏற்றச் செலவழித்ததில் முக்கால் பங்கை ஒட்டித் திரும்பக் கிடைக்கும். மலையும் ஈர்ப்பும் ஒரு ஜூலைக்கூட வைத்துக்கொள்வதில்லை. இழப்பு முழுவதும் குழாயின் சுவரிலும் சுழலியிலும் கம்பியிலும் நடக்கிறது. பொறியாளர்கள் குழாயை அகலமாக்குவதும் வழவழப்பாக்குவதும் வழியைக் கேட்கும் விசைகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைப்பதற்காகத்தான்.

உராய்வு வெப்பமாகிறது என்றோம். வெப்பம் என்பது என்ன? அச்சும் சக்கரமும் உரசும்போது, தேர் என்ற ஒரே பெரிய பொருளின் ஒழுங்கான நகர்ச்சி, எண்ணிலடங்காத மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற அதிர்வாகச் சிதறுகிறது. அந்த மூலக்கூறுகளுக்கு இடையில் இருப்பவை மின்விசைகள். அணுவுக்கு அணு பார்த்தால் அவை சுருள்வில்லைப் போலவே வாங்கியதைத் திருப்பித் தருகின்றன. அந்த ஆழத்தில் உராய்வு என்று தனியாக ஒரு விசை இல்லை. கோடானுகோடி அணுக்களின் கணக்கைத் தனித்தனியாக எழுத முடியாமல் நாம் ஒரே வரியில் 'செலவு' என்று எழுதிவிடுகிறோம், அந்த வரிக்குப் பெயர்தான் உராய்வு. எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த செய்திகளில் இது ஒன்று.

அந்தத் தனித்தனிக் கணக்கை ஒரு மூலக்கூறு அளவில் திறந்துகாட்டியவர் இந்தத் தீவிலேயே பிறந்தார். சி. வி. ராமன் திருவானைக்காவில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர். 1928-இல் கொல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து அவர் கண்டது இது: மூலக்கூறின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. ஒளி எவ்வளவு ஆற்றலை இழந்ததோ, சரியாக அவ்வளவு ஆற்றலுடன் மூலக்கூறு அதிரத் தொடங்குகிறது. சில சமயம் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு தன் அதிர்வை ஒளிக்குக் கொடுத்துவிடும், ஒளி கூடுதல் ஆற்றலோடு வெளியே வரும். சூடான பொருளில் அதிரும் மூலக்கூறுகள் அதிகம் என்பதால் இந்த இரண்டாவது வகை ஒளியின் பங்கும் அதிகம். இரண்டின் விகிதத்தை வைத்து ஒரு பொருளின் வெப்பநிலையைத் தொடாமலே அளக்கிறார்கள். உராய்ந்து சூடேறிய பரப்பிலிருந்து வரும் ராமன் ஒளியைப் பார்த்தால், தொலைந்ததாக நாம் எழுதிவிட்ட ஆற்றல் அதிர்வுகளில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஆற்றல் மாற்றும் விசை என்றாலே எடுத்துக்கொள்ளும் விசைதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆற்றில் ஒரு பரிசல். நீரோட்டம் நடு ஆற்றில் வேகம், கரையோரத்தில் மெதுவு. அனுபவமுள்ள பரிசல்காரர் எதிரோட்டத்தில் போகும்போது கரையை ஒட்டிப் போவார், திரும்பும்போது நடு ஆற்றுக்கு வந்துவிடுவார். ஏறும்போது நீர் கொஞ்சமாகத் தடுக்கிறது, இறங்கும்போது பலமாகத் தள்ளுகிறது. சுற்றி வந்து பழைய துறையை அடையும்போது ஆறு அவருக்கு மொத்தத்தில் உபகாரமே செய்திருக்கிறது. அதே சுற்றைத் தலைகீழாகப் போயிருந்தால் ஆறு அவரை வாட்டி எடுத்திருக்கும். வழியைக் கேட்கும் விசை ஒரு சுற்றில் கொடுக்கவும் செய்யும். எந்த ஓட்டத்தில் இந்த வித்தை பலிக்கும் என்று அறிய எளிய சோதனை உண்டு. கரைக்கும் நடு ஆற்றுக்கும் இடையே, ஓட்டத்துக்குக் குறுக்காக ஒரு குச்சியை மிதக்கவிட்டால், ஒரு முனை முந்த மறுமுனை பிந்த, குச்சி திரும்பத் தொடங்கும். விசைக்குள் இப்படிச் சுழற்றும் குணம் எங்கேயாவது இருந்தால் அது ஆற்றல் மாற்றா விசையாக இருக்க முடியாது.

மின்சாரத்திலும் இந்த இரண்டு முகங்களும் உண்டு. அசையாமல் நிற்கும் மின்னூட்டங்களின் விசை ஈர்ப்பைப் போலவே வழியைக் கேளாதது. சுற்றிவந்தால் கூட்டல் சுழி. அது மட்டுமே உலகில் இருந்திருந்தால் மின்னாக்கியே சாத்தியமில்லை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது மற்ற முகத்தை. கம்பிச் சுருளின் ஊடே காந்தப்புலம் மாறும்போது, சுருளைச் சுற்றிச் சுற்றித் தள்ளும் மின்விசை ஒன்று பிறக்கிறது. சுற்றி முடித்துப் பழைய இடத்துக்கு வந்த மின்னூட்டம் ஆற்றலோடு வந்து சேர்கிறது. மேட்டூர் மின்நிலையத்தில் மேலிருந்து இறங்கும் தண்ணீர் தருவது வழி கேளாத விசையின் ஆற்றல். சுழலிக்குப் பிறகு மின்னாக்கியில் அதைக் கம்பிக்குள் செலுத்துவது வழி கேட்கும் விசை. உராய்வைப் போல அல்லாமல், இந்த விசை வெப்பமாக எதையும் சிதறவிடாமலே வழியைக் கேட்கிறது.

அந்தக் கேள்வியின் பயனைத் தெருவுக்குத் தெரு காணலாம். கம்பி ஒருமுறை சுற்றிவந்தால் ஒரு பங்கு மின்னழுத்தம், நூறுமுறை சுற்றிவந்தால் நூறு பங்கு. மலைக்கோட்டைப் பாறையை நூறுமுறை வலம்வந்தாலும் ஈர்ப்பு ஒரு ஜூலும் கூட்டித் தராது. மாறும் காந்தப்புலமோ ஒவ்வொரு சுற்றையும் எண்ணி எண்ணிக் கூட்டுகிறது. சித்திரை வீதியின் மின்மாற்றி 11,000 வோல்ட்டை வீட்டுக்குரிய 230 வோல்ட்டாக இறக்குவது, ஒரு சுருளில் அதிகச் சுற்றுகளும் மற்றதில் குறைந்த சுற்றுகளும் இருப்பதால் மட்டுமே.